கரடி பொம்மையின் முகம்: கத்தரி, நூல், முள் ஊசி

டெடி கரடியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1902 நவம்பரில், மிசிசிப்பி மாநிலத்தில், கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடமிருந்து தொடங்குவார்கள். பொம்மைக்குப் பெயர் வந்த விதத்தை அக்கதை விளக்குகிறது. அதன் முகம் உருவான விதத்தை அறிய, பொம்மை செய்யும் மேசையைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கேள்வி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது: கண்ணை எப்போது வைத்தார்கள், பஞ்சு திணிப்பதற்கு முன்பா, பின்பா? இந்த வரிசை மாறிய ஒவ்வொரு முறையும் கரடியின் முகமும் மாறியிருக்கிறது.

ஜெர்மனியின் கீங்கன் நகரில் பிறந்த மார்கரேட்டே ஷ்டைஃப் (1847–1909) சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் திறனை இழந்தவர். தையலே அவருடைய தொழில். 1880இல் ஒரு பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, ஊசி செருகி வைப்பதற்காக அவர் தைத்த சிறிய யானைகளைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். அந்த யானைகள் ஃபெல்ட் துணியால் ஆனவை. ஃபெல்ட் நெய்த துணி அன்று. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் சேரும்போது இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, திரும்பப் பிரிக்க முடியாத தகடாகிவிடுகின்றன. வெட்டிய ஓரம் நூல் பிரியாது என்பதால் சிறு உருவங்களைத் தைக்க இதைவிட வசதியான துணி இல்லை. கீங்கனிலேயே ஃபெல்ட் ஆலை இருந்ததும் ஷ்டைஃப் தொழிலுக்குத் துணை நின்றது.

மார்கரேட்டேயின் தம்பி மகன்களில் ஒருவரான ரிச்சர்ட் ஷ்டைஃப், ஷ்டுட்கார்ட்டில் கலை பயின்றவர். அங்கிருந்த விலங்குக் காட்சிசாலையில் கரடிகளை நேரில் பார்த்துப் பல ஓவியங்கள் வரைந்தார். 1902இல் அவர் வடிவமைத்த கை கால் அசையும் கரடி, 1903இல் லைப்சிக் சந்தைக்குப் போனது. நியூயார்க் வணிக நிறுவனம் ஒன்று 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இந்தக் கரடிக்கு ஃபெல்ட் உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டுமே. உடலுக்கு மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் ரோமத்தால் நெய்த மயிர்த்துணி.

அந்தக் காலத்து முகத்தைச் செய்தது கத்தரி என்றே சொல்லலாம். தலைக்கு மூன்று துண்டுகள்: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூக்கிலிருந்து பிடரி வரை ஓடும் நடுத்துண்டு ஒன்று. நடுத்துண்டின் அகலமும் வளைவும்தான் நெற்றி எவ்வளவு மேடு, மூக்கு எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானித்தன. துணியை வீணாக்காமல் வெட்டும்போது ஏழாவது கரடிக்கு முழு நடுத்துண்டு கிடைக்காமல், இரண்டாக ஒட்டுப் போட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நெற்றி நடுவே தையல் ஓடும் அந்தக் கரடிகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். உள்ளே திணித்தது மெல்லிய மரச்சுருள். முதலில் மூக்குப் பகுதியைக் கல் போல இறுக்கி அடைத்து, பிறகு தலையை நிரப்பினார்கள். பூட்ஸ் பித்தானையோ கண்ணாடிக் கண்ணையோ அதன் பிறகே நூலில் கோத்து, தலைக்குள் ஊசியை விட்டு இழுத்து முடிந்தார்கள். அந்த இழுப்பில் கண் சற்று உள்ளே அமர்ந்தது. நூலை இழுத்தே முகத்தை வடிக்கும் பிற்காலச் செதுக்குத் தையலின் விதை இதில் இருக்கிறது என்பேன். அன்றைய தொழிற்சாலை அதை வளர்த்தெடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஒரே முகம் வேண்டிய இடத்தில் கையின் விருப்பத்துக்கு இடமில்லை.

1920களில் பிரிட்டிஷ் கரடிகளுக்குள் இலவம்பஞ்சு புகுந்தது. நம் வீட்டுத் தலையணை, மெத்தைகளில் இருக்கும் அதே பஞ்சுதான். எடை குறைவு, மென்மை அதிகம். ஆனால் வழுக்கும் இழை, நூலின் இழுப்பைத் தாங்கிப் பிடிக்காது. அதனால்தான் உடலுக்கு இலவம்பஞ்சு வைத்தவர்களும் மூக்குக்கு மரச்சுருளையே விடாமல் வைத்துக்கொண்டார்கள். முகம் என்பது உள்ளே இருக்கும் பொருளின் உறுதியைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெரிய திருப்பம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்தது. வேல்ஸில் வெண்டி பாஸ்டன் நிறுவனம், குழந்தை பிடுங்கி விழுங்கிவிட முடியாதபடி துணியின் பின்புறம் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கண்களைக் கொண்டுவந்தது. 1954இல் இயந்திரத்தில் துவைக்கக்கூடிய கரடியையும் விற்பனைக்கு விட்டது. குழந்தைகளின் பாதுகாப்புக்கு இது பெரும் நன்மை. அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் பூட்டுக் கண்ணைத் துணியில் மாட்டிய பிறகே தலையை நிரப்ப முடியும். கண்ணின் பின்னால் இழுக்க நூலே இல்லை. கண்கள் துணியின் மேற்பரப்பிலேயே நின்றன, முகம் தட்டையாயிற்று.

அந்தத் தட்டை முகத்திலிருந்து விலகியவர்கள் தொழிற்சாலைக்கு வெளியே இருந்தார்கள். 1969இல் ஆங்கில நடிகர் பீட்டர் புல் கரடி பொம்மைகளைப் பற்றி எழுதிய நூல், பெரியவர்களும் இவற்றை வெட்கமின்றி நேசிக்கலாம் என்ற துணிவைத் தந்தது. 1970களில் அமெரிக்காவில் பெவர்லி போர்ட் போன்றோர் ஒரு கரடியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே வடிவமைத்துத் தைக்கும் மரபைத் தொடங்கினார்கள். இவை அலமாரிக்கான கரடிகள், குழந்தையின் வாய்க்கானவை அல்ல. ஆகவே கண் மறுபடியும் திணிப்புக்குப் பின் வந்தது, நூலும் திரும்பி வந்தது.

செதுக்குத் தையலில் நடப்பது இதுதான். இறுக்கி நிரப்பிய தலையில் குண்டூசி குத்திக் கண்ணின் இடத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். அறுந்துபோகாத மெழுகு நூலை நீண்ட ஊசியில் கோத்து, கண்குழியில் நுழைத்துக் காதின் பின்புறமோ கழுத்தடியிலோ எடுக்கிறார்கள். ஒரு விரலால் குழியை அமுக்கிக்கொண்டு நூலை இழுத்தால் புருவம் மேலெழும். மூக்கின் இருபுறமும் இழுத்தால் கன்னம் பிரியும். வாயோரத்தை இழுத்தால் சிரிப்பு பிறக்கும். ஓர் இழை அதிகம் இழுத்தாலும் அந்தச் சிரிப்பு இளிப்பாகிவிடும்.

நூலால் உள்ளே இழுக்கத்தான் முடியும், வெளியே சேர்க்க முடியாது. அந்தக் குறையைத் தீர்த்தது ஆலையிலிருந்து வந்த ஒரு கருவி. நெய்யாத துணி செய்யும் இயந்திரங்களில், பக்கவாட்டில் முள் வெட்டிய ஆயிரக்கணக்கான ஊசிகள் பலகையில் பொருந்தி, இழைப் படுகையை மேலும் கீழுமாகக் குத்தி இறுக்கும். 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த டேவிட், எலினார் ஸ்டான்வுட் தம்பதியர் அந்த ஊசியைத் தனியே கையில் எடுத்துக் கம்பளியைக் குத்திப் பார்த்தார்கள். அவர்களிடம் பழகிய அயாலா தல்பாய் அதை உருவம் செய்யும் கலையாக வளர்த்துப் பலருக்கும் கற்பித்தார். நீடில் ஃபெல்டிங் என்ற கைவினை இப்படிப் பரவியது.

இந்த ஊசியின் குறுக்குவெட்டு பெரும்பாலும் முக்கோணம். அதன் விளிம்புகளில் நுனியை நோக்கிய முட்கள். உள்ளே போகும்போது இழைகளைத் தள்ளிச் செல்லும், வெளியே வரும்போது அவற்றை அங்கேயே விட்டுவிடும். தண்ணீரும் சோப்பும் வேண்டியதில்லை. எண் கூடக் கூட ஊசி மெலியும்: உருவத்தைத் திரட்ட 36, பொது வேலைக்கு 38, மேற்பரப்பை வழவழப்பாக்க 40. குத்திய கோணத்திலேயே வெளியே எடுக்க வேண்டும். சற்றே சாய்த்தாலும் நுனி ஒடிந்து பொம்மைக்குள் தங்கிவிடும்.

கரடிக் கலைஞர்கள் மூக்குப் பகுதியில் மொஹேர் மயிரைக் கத்தரித்துவிட்டு, அடித்துணி வழியாகவே கம்பளியைக் குத்தி ஏற்றுகிறார்கள். இமை, நாசித்துளை, ஈறு, பாதத்தின் மெத்தைகள் எல்லாம் இப்படிச் சேர்க்கப்படுகின்றன. சிறந்த வேலைகளில் இரண்டு நுட்பமும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்: முதலில் நூல் கண்ணைக் குழிக்குள் இழுக்கும், பிறகு கம்பளி இமை அந்தத் தையலின் தடத்தை மூடும். வெட்டுமாதிரி ஒன்றாகவே இருந்தாலும் இருவர் செய்த கரடிகள் ஒரே முகத்துடன் அமைவதில்லை.

பழுதுபார்ப்பவர்கள் நூலுக்கும் முள் ஊசிக்கும் உள்ள வேறுபாட்டை மதிக்க வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன். நூற்றாண்டு பழமையான கரடியின் தேய்ந்த மூக்கை முள் ஊசியால் நிரப்பிச் சரிசெய்யும் பழக்கம் ஆங்காங்கே காணப்படுகிறது. நூலால் போட்ட தையலை நாளை வேண்டாமென்றால் அறுத்து எடுத்துவிடலாம். முள் ஊசி ஏற்றிய கம்பளியோ மூலத்துணியைத் துளைத்து உள்ளே போய்ப் பழைய திணிப்போடு கலந்துவிடுகிறது. அதைப் பிரித்தெடுக்க முயன்றால் 1905இல் நெய்த மொஹேரும் சேர்ந்து கிழியும். அத்தகைய கரடிகளுக்கு எம்பிராய்டரி நூலே போதும். முள் ஊசியைப் புதிய கரடிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.