நெடுந்தூரக் கார் பயணம்: சுங்கச் செலவைக் குறைப்பது எப்படி?

புது தில்லி: சொந்தக் காரில் பல மாநிலங்களைக் கடந்து பயணம் செய்வோருக்கு, ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் சுங்கச் செலவைக் குறைக்க உதவும். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க் கட்டணத்தில் அறிமுகமான இந்தப் பாஸ், ஓராண்டு அல்லது 200 பயணங்கள் ஆகிய இரண்டில் எது முதலில் நிறைவடைகிறதோ, அதுவரை செல்லுபடியாகும். அந்தக் கணக்கில் ஒரு பயணத்துக்கு ஆகும் செலவு 15 ரூபாய். 'ராஜ்மார்க்யாத்ரா' செயலியில் இதைப் பெறலாம்.

எனினும், தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் உள்ள சுங்கச்சாவடிகளில் மட்டுமே இது பொருந்தும். மாநில விரைவுச்சாலைகளில் வழக்கமான கட்டணமே வசூலிக்கப்படும். உதாரணமாக, தில்லியிலிருந்து யமுனா, ஆக்ரா-லக்னோ விரைவுச்சாலைகள் வழியாக லக்னோ சென்றால் அச்சாலைகளில் பாஸ் பயன்படாது. மொராதாபாத், பரேலி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பயன்படும். ஆகவே, வழியில் உள்ள சாலைகள் எவ்வகையைச் சேர்ந்தவை என்பதை அறிந்த பிறகே பயணப் பாதையை முடிவு செய்வது நல்லது.