பற்று நோட்டும் பலசரக்குக் கடையும்

இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரில் தமிழர் குடியேறிய வரலாற்றைக் கூறுவோர், ஆலைகளையும் அலுவலகங்களையும் விரிவாகப் பேசுவர். தெருமுனையிலிருந்த சிறு பலசரக்குக் கடையை மறந்துவிடுவர். அக்கடை இல்லையேல், பலருக்கு அந்நகரில் முதல் மாதத்தைக் கடப்பதே அரிதாகியிருக்கும்.

1896-ம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அதன் விளைவாக 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பட்டது. நகரின் நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு, அது வடக்கே தாதர், மாதுங்கா முதலிய இடங்களில் மனைகளை வகுத்தது. பின்னர் மாதுங்காவில் அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர் குடியேறினர். அருகிலுள்ள தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பலர் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். இருசாராரின் வாழ்க்கையும் வெவ்வேறு. ஆயினும் அரிசி, புளி, நல்லெண்ணெய், வெற்றிலை ஆகியவை இருவருக்கும் வேண்டியிருந்தன.

பொருளைவிட அருமையாயிருந்தது தவணை. அக்காலத்தில் பெரும்பாலோர்க்கு மாதச் சம்பளமே வழக்கம். 1936-ம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், மாதம் முடிந்தபின் 7 நாட்களுக்குள்ளும், ஆயிரம் பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் 10 நாட்களுக்குள்ளும் சம்பளம் தரவேண்டுமென விதித்தது. அச்சட்டப்படியே நடந்தாலும், முதல் தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர் ஏறக்குறைய நாற்பது நாட்கள் கையில் காசின்றி உண்ணவேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியது கடைக்காரரின் பற்று நோட்டு. ஊரார் ஒருவர் சொன்ன சொல்லே அதற்கு ஜாமீன்.

இந்த உதவிக்கு மறுபக்கமும் உண்டு. பாக்கி தீராதவர் வேறு கடையை நாட இயலாது. கடைக்காரர் சொன்னதே விலை, நிறுத்ததே எடை. தொழிலாளரை அழுத்திய கடன் சுமையை, 1931-ல் வெளிவந்த அரசத் தொழிலாளர் கமிஷன் அறிக்கையும் எடுத்துரைத்தது.

1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1943-ல் பம்பாயில் ரேஷன் முறை புகுந்தது. அரிசியின் அளவையும் விலையையும் அரசாங்கமே நிர்ணயிக்க, சோற்றுக்குப் பழகியோர் கோதுமையையும் ஏற்கவேண்டியதாயிற்று. 1957 ஏப்ரல் முதல் தேதியன்று புதிய நாணயம் வந்தது. பதினாறு அணாவாயிருந்த ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. அளவைகள் மாறின, ஆனால் பற்று எழுதும் வழக்கம் அவற்றோடு மறைந்துவிடவில்லை.

அக்கடைக்காரரை வள்ளல் என்றோ, கொள்ளைக்காரர் என்றோ ஒரே சொல்லால் நாம் மதிப்பிடல் ஆகாது. உழைப்புக்கும் ஊதியத்துக்கும் இடையே கிடந்த நாட்களில் அவர் வாணிகம் செய்தார். அந்த நாட்களைக் குறைப்பது அவர் கையில் இல்லை; சம்பளம் கொடுத்தோர் கையில் இருந்தது.