கருவியிலிருந்து பிரிந்த பலகை: இசைக் கட்டுப்பாடு டேப்லெட்டுக்கு வந்த வரலாறு

சிந்தசைசரை இயக்கும் குமிழ்களையும் ஃபேடர்களையும் டேப்லெட் திரையில் தாமே வரைந்து, தம் கைக்கு ஏற்றபடி அடுக்கிக்கொள்ளும் வசதி இன்று இசைக்கலைஞர்களுக்கு இருக்கிறது. இதைத் தொடுதிரை தந்த கொடையாகவே பலரும் காண்கின்றனர். ஆனால் இந்த மாற்றத்தின் வேர், ஒலி எழுப்பும் கருவியிலிருந்து கட்டுப்பாட்டுப் பலகை பிரிந்ததில் இருக்கிறது. அந்தப் பிரிவை உண்டாக்கியது 1983இல் வந்த மிடி (MIDI) என்ற பொது நெறிமுறை. பலகையை வடிவமைக்கும் உரிமை தயாரிப்பாளரிடமிருந்து வாசிப்பவருக்குக் கைமாறிய கதையின் பிந்தைய கட்டமே டேப்லெட் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மிடியும் மறைந்த குமிழ்களும்

1970களின் மினிமூக் போன்ற சிந்தசைசர்களில் முக்கியமான ஒவ்வொரு செயலுக்கும் தனிக் குமிழோ விசையோ இருந்தது. பலகையைப் பார்த்தாலே ஒலியின் அமைப்பு விளங்கிவிடும். ஒரு கருவியால் மற்றொன்றை இயக்கப் பொதுவான மொழி வேண்டும் என்ற முன்மொழிவைச் சிந்தசைசர் பொறியாளர்களான டேவ் ஸ்மித்தும் செட் வுட்டும் 1981இல் ஒலிப் பொறியியல் கழக மாநாட்டில் வைத்தனர். ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியின் முயற்சியும் சேர, 1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600, ஜூபிட்டர்-6 ஆகிய இரு வேறு நிறுவனக் கருவிகள் மிடி கேபிளால் இணைந்து ஒலித்தன.

மிடி கடத்துவது ஒலியை அன்று, எண்களை. வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில், எந்தக் கட்டுப்பாடு, எந்த மதிப்பு என்ற செய்தி மட்டும் செல்கிறது. சாதாரணக் கட்டுப்பாட்டுச் செய்தியில் 0 முதல் 127 வரை 128 படிகள். 7ஆம் எண் ஒலியளவைக் குறிக்கும். அந்த எண்ணை அனுப்புவது உலோகக் குமிழா வேறொன்றா என்பது பெறும் கருவிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

அதே 1983இல் வெளியான யமஹா டிஎக்ஸ்7 இந்தப் பிரிவை அவசரத் தேவையாக்கியது. அதில் ஓர் ஒலியை முழுதாக வரையறுக்க 140க்கு மேற்பட்ட மதிப்புகள் வேண்டும். முகப்பிலோ சவ்வுப் பொத்தான்களும், மதிப்பை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடரும், இரண்டு வரித் திரையும் மட்டுமே இருந்தன. எண்முறைத் தொழில்நுட்பம் மதிப்புகளைப் பெருக்கிய வேகத்தில் அவற்றுக்குக் குமிழ் பொருத்தினால் விலை தாங்காது. இந்த இடைவெளியை நிரப்பத் தனிப் பலகைகள் வந்தன. 1987இல் வெளியான டி-50 சிந்தசைசருக்கென ரோலண்ட் பிஜி-1000 என்ற ஸ்லைடர் பலகையை விற்றது. அது அந்த வகைக் கருவிக்கு மட்டுமே பொருந்தும். 1990களில் பீவி நிறுவனம் விற்ற பிசி 1600 பலகையில் 16 ஃபேடர்கள் இருந்தன. எது எந்தச் செய்தியை அனுப்ப வேண்டும் என்பதைப் பயனரே தீர்மானிக்கலாம். ஃபேடரின் பொருள் மாறியது; இடமும் வடிவமும் எண்ணிக்கையும் மாறவில்லை.

பல விரல்களை உணரும் பரப்பு

தொடுபரப்பு ஆய்வும் இசையை ஒட்டியே வளர்ந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கணினி இசைத் திட்டத்திலிருந்து வந்த பில் பக்ஸ்டன், எஸ். கே. லீ, கே. சி. ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் பலகையை 1985இல் விவரித்தார். அதே ஆண்டு அவரும் சகாக்களும் எழுதிய மற்றொரு கட்டுரை இங்கே கூடுதல் கவனத்துக்குரியது. வழுவழுப்பான பரப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கருவியாகப் பயன்படுத்தலாம் என்று அது காட்டியது. எல்லைகளை விரல் உணர்வதற்காக, வெட்டுத்துளைகள் கொண்ட அட்டையைப் பலகைமேல் வைக்கும் வழியையும் சொன்னது. பார்க்காமல் இயக்க முடியாது என்ற, டேப்லெட்மீது இன்று சொல்லப்படும் குறை அப்போதே அறியப்பட்டிருந்தது.

லெமுர்

1997இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மேத்யூ ரைட்டும் ஏட்ரியன் ஃப்ரீடும் ஓஎஸ்சி (ஓப்பன் சவுண்ட் கன்ட்ரோல்) நெறிமுறையை முன்வைத்தனர். எண்ணுக்குப் பதிலாகப் பயனர் வைக்கும் பெயரால் கட்டுப்பாட்டை அழைக்கலாம். மதிப்பை 128 படிகளுக்குள் அடக்க வேண்டியதில்லை. கணினி வலையமைப்பு வழியே அனுப்பலாம். பிரான்சின் போர்தோ நகரிலிருந்த ஜாஸ்மியூட்டன்ட் நிறுவனம் 2005இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லெமுர் இதன்மேல் எழுந்தது. 12 அங்குலப் பல்தொடு திரை, ஈதர்நெட் இணைப்பு, ஏறத்தாழ 2000 யூரோ விலை. பயனர் கணினியில் பலகையை வரைந்து கருவிக்குள் ஏற்றுவார். உராய்வோடு நகரும் ஃபேடர், சுவரில் மோதித் திரும்பும் பந்து என உலோகத்தில் செய்ய முடியாத கட்டுப்பாடுகளும் அதில் அமைந்தன. டாஃப்ட் பங்க் இசைக்குழுவின் 2006–07 மேடைகளிலும் பாடகி ப்யோர்க்கின் வோல்டா இசைப் பயணத்திலும் லெமுர் இடம்பெற்றது.

ஐபேடும் அதன் பின்னும்

2008இல் வெளியான டச்ஓஎஸ்சி என்ற செயலி, ஐபோனை வைஃபை வழியே கட்டுப்பாட்டுப் பலகையாக்கியது. 2010 ஏப்ரலில் 499 டாலர் தொடக்க விலையில் ஐபேட் வந்தது. நவம்பரில் வந்த ஐஓஎஸ் 4.2 அதற்கு மிடி பேசக் கற்றுக்கொடுத்தது. அவ்வாண்டு இறுதியில் லெமுர் வன்பொருள் நிறுத்தப்பட்டது. 2011 டிசம்பரில் லீன் நிறுவனம் அதே லெமுரை ஐபேட் செயலியாக வெளியிட்டது. 2014இல் ஐஓஎஸ் 8 ப்ளூடூத் மிடியைச் சேர்த்தது. 2021இல் புதிதாக எழுதப்பட்ட டச்ஓஎஸ்சி, லுவா மொழியில் நிரல் எழுதவும் இடம் தந்தது. பலகை வரைவது நிரலாக்கத்தோடு கலந்தது இந்தக் கட்டத்தில்தான்.

திரைப் பலகையில் கிடைத்த பெரிய பயன் இருவழித் தொடர்பு. சேமித்த வேறோர் ஒலிக்கு மாறும்போது சாதாரண ஃபேடர் பழைய இடத்திலேயே நிற்கும். தொட்டவுடன் மதிப்பு குதிக்கும். மோட்டார் ஃபேடர் இதைத் தீர்க்கும், ஆனால் விலை அதிகம். கருவி தன் மதிப்பைத் திருப்பி அனுப்பினால் திரையில் வரைந்த ஃபேடர் தானாகவே சரியான இடத்தில் நிற்கும். இழப்பு, விரலின் இட உணர்வு. அதனால்தான் மேடையில் பலர் அடிக்கடி தொடும் சிலவற்றை உண்மையான குமிழ்களுக்கும், எஞ்சியவற்றைத் திரைக்கும் பங்கிடுகின்றனர்.

முடிவுரை

லெமுர் வன்பொருள் ஐந்தாறு ஆண்டுகளே விற்பனையில் இருந்தது. செயலியின் விற்பனையும் 2022இல் நின்று, பின்னர் வேறொரு நிறுவனத்தின் கையில்தான் உயிர்பெற்றது. ஆனால் 1983இன் டிஎக்ஸ்7 இன்றும் டேப்லெட் அனுப்பும் செய்திக்குப் பதில் தருகிறது. இந்த வரலாற்றில் திரைகளும் செயலிகளும் மாறிக்கொண்டே இருந்தன, நெறிமுறை நிலைத்தது. தமக்கெனப் பலகை வரைபவர் அதன் வடிவத்தை மட்டும் செயலிக்குள் பூட்டி வைத்தால், செயலியோடு உழைப்பும் போகும். எந்தக் கட்டுப்பாடு எந்த மிடி எண்ணை அனுப்புகிறது என்ற பட்டியலைத் தனியே எழுதி வைத்திருந்தால், அதே பலகையை அடுத்த திரையிலும் மீண்டும் கட்டிவிடலாம்.