துரு
இரும்பின் மேல் படியும் செம்பழுப்புப் பொருக்கு. துருப்பிடித்தல், துருவேறுதல் என்பன வழக்கு; ஈழத்தில் கறள் என்பார்கள். (தேங்காய் துருவுகிறோமே, அந்தத் 'துருவு' வேறு சொல்.)

'பிடித்தல்' என்றதும் பூஞ்சைபோல வெளியிலிருந்து ஏதோ வந்து ஒட்டியதாகத் தோன்றும். பாதிதான் சரி. வெளியிலிருந்து வருபவை நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும். துருவாக மாறுவது இரும்பேதான். சுரண்டச் சுரண்டத் தகடு மெலிவது அதனால்தான். துருவைப் போலவே, சேலம் கஞ்சமலையின் கரிய இரும்புத் தாதுவும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததே. உலையில் கரி எரிந்து எழும் கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொண்ட பிறகே உலோகம் கைக்கு வரும். உலை அரும்பாடுபட்டுப் பிரித்ததை, மொட்டைமாடியில் மறந்துவிட்ட அரிவாளில் ஒரே மழைக்காலம் திரும்பச் சேர்த்துவிடுகிறது.