ஆடாமல் கிடைத்த கோப்பை

1974 வரை டேவிஸ் கோப்பையை வென்றவை நான்கே நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா. அந்த ஆண்டு ஐந்தாவதாகத் தென்னாப்பிரிக்காவின் பெயர் ஏறியது. இறுதிப் போட்டியில் அவர்கள் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. எதிரே நிற்க வேண்டிய இந்தியா, அங்கிருந்த நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஆட மறுத்துவிட்டது.

அப்போது நான் மவுண்ட் ரோட்டில் ஒரு டிராவல் ஏஜென்சியில் குமாஸ்தா. எங்கள் மேஜைக்கு வரும் இந்தியப் பாஸ்போர்ட்டுகளில் எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்று போட்டிருக்கும் இடத்தில், தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்று தெளிவாக இருக்கும். டர்பனில் சொந்தக்காரர்கள் உள்ள யாராவது டிக்கெட் கேட்டு வந்தால், பக்கத்தைப் புரட்டி அந்த வரியைக் காட்டுவேன். பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே டென்னிஸ் அணி போகாது என்ற செய்தி வந்தபோது எங்கள் ஆபீஸில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வருத்தம் இருந்தது, அது வேறு.

வருத்தத்துக்குக் காரணம் நம்மூர்ப் பையன்கள். விஜய் அமிர்தராஜுக்கு வயது இருபது, அண்ணன் ஆனந்துக்கு இருபத்திரண்டு. விஜய் அதற்கு முந்தைய வருஷம்தான் விம்பிள்டனில் காலிறுதி வரை போயிருந்தார். 1974இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3–2 என்று வீழ்த்தினார்கள். அதில் இரட்டையர் ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். எதிரே ஜான் அலெக்ஸாண்டர், காலின் டிப்ளி. ஸ்கோர் 17–15, 6–8, 6–3, 16–18, 6–4. மொத்தம் 99 கேம்கள்! டைபிரேக் என்ற தப்பிக்கும் வழி அப்போது டேவிஸ் கோப்பையில் கிடையாது. இரண்டு கேம் முந்தும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்கத்தா வெயிலில் அண்ணனும் தம்பியும் அதைச் செய்தார்கள். பிறகு புனேயில் சோவியத் யூனியனையும் வென்றார்கள். பாக்கி இருந்தது தென்னாப்பிரிக்கா ஒன்றுதான்.

விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்று அன்று பலர் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பாப்வா சேகோலம் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டர்பன்காரர், இந்திய வம்சாவளி, கோல்ஃப் மைதானத்தில் பிறர் மட்டைப்பை சுமந்து ஆட்டம் கற்றவர். எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, இடக்கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிப்பார். 1963இல் வெள்ளைக்காரர்களோடு மோதி நேட்டால் ஓப்பன் பட்டத்தை வென்றார். கிளப் கட்டடத்துக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதியில்லை. வெளியே மழையில் நின்றபடி கோப்பையை வாங்கினார். அரசியலை முதலில் உள்ளே கொண்டுவந்தது யார் என்று இதற்குப் பிறகும் விவாதிக்க வேண்டுமா?

நமக்கு அந்த நாட்டோடு பழைய கணக்கும் உண்டு. 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போய், நவம்பர் 16 அன்று டர்பனில் இறக்கியது. அவர்களின் வாரிசுகள்தான் பின்னாளில் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்று நிறத்தைப் பார்த்து விரட்டப்பட்டவர்கள். 1946இலேயே, சுதந்திரத்துக்கு முன்பே, இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது, ஐ.நா. சபைக்கும் வழக்கைக் கொண்டுபோனது. டென்னிஸுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தால் மற்றதெல்லாம் வெறும் பேச்சாகியிருக்கும்.

எல்லா நாடும் இப்படி நடந்துகொள்ளவில்லை. 1976இல் சர்வாதிகாரி பினோசெட்டின் சிலியோடு ஆட சோவியத் யூனியன் மறுத்தது. ஆனால் இத்தாலி சாண்டியாகோவுக்கே போய் இறுதிப் போட்டியை ஆடிக் கோப்பையைக் கொண்டுவந்தது. இரட்டையர் ஆட்டத்தில் பனாட்டாவும் பெர்ட்டோலுச்சியும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான் எதிர்ப்பு. கோப்பை முக்கியம் என்றால் அதுவும் ஒரு வழி. நம் அரசும் எப்போதும் ஒரே கொள்கையில் நின்றது என்று சொல்ல மாட்டேன். 1987இல் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு இல்லாதபோதே அவர்கள் அணியை டெல்லிக்கு அழைத்து ஆடி ஜெயித்தோம். அந்த ஆண்டு இறுதிவரை போய் ஸ்வீடனிடம் 5–0 என்று தோற்றோம். ஆனால் தென்னாப்பிரிக்கா விஷயத்தில் அரசு இளகவில்லை. நிறவெறிச் சட்டங்கள் விழத் தொடங்கிய பிறகு, 1991 நவம்பர் 10 அன்று, கிளைவ் ரைஸின் கிரிக்கெட் அணியை வரவேற்றதும் அதே கல்கத்தாதான்.

1966, 1974, 1987 என்று மூன்று முறை இறுதிக்கு வந்தும் டேவிஸ் கோப்பை நமக்குக் கிடைக்கவே இல்லை. மூன்றில் நல்ல வாய்ப்பு 1974தான் என்பது என் கட்சி. முடிவு சரி, அதை எடுத்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள், விலையைக் கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். அந்த அணிக்கு இன்னும் ஒரு முறையான மரியாதையை நாடு செய்யலாம்.