கதைகளில் எரியும் தீ

ஆணாதிக்கமும் பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமையும் தமிழ்ப் புனைகதையில் எவ்வாறு காட்டப்பட்டு வந்துள்ளன என்பதை மூன்று படைப்புகளின் வாயிலாக இன்று காண்போம். மூன்றிலும் ஒரு தீ உண்டு.

முதலாவது, புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசனம்'. கல்லாய்க் கிடந்து மீண்டும் பெண்ணான அகலிகை, இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைச் சீதையிடமே கேட்டறிகிறாள். தனக்கு வாழ்வளித்தவனே மனைவியிடம் சான்று கேட்டான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. மறுபடியும் கல்லாகி விடுகிறாள். பிழை செய்யாதவள் தன்னை மெய்ப்பிக்க வேண்டும். கேட்பவனுக்கு அந்தக் கடமை இல்லை. ஆணாதிக்கத்தின் வேர் இதுவே.

அடுத்து, 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. மழை பெய்யும் மாலையில் காரில் ஏற்றிச் சென்றவனின் இச்சைக்கு ஆளாகி, கல்லூரி மாணவி ஒருத்தி வீடு திரும்புகிறாள். முதலில் அடித்த தாய், பின்னர் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். சீதைக்கு நெருப்பு, இவளுக்கு நீர். வாசகரிடையே பெரும் சர்ச்சை மூண்டது. எதைப் பற்றி? காரில் வந்தவனைப் பற்றியன்று. அந்தத் தாய் செய்தது சரியா என்பது பற்றியே!

ஜெயகாந்தன் விடவில்லை. தாய் மறைக்காமல் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் எழுதினார். ஊரறிந்த கங்காவை அவளுடைய மாமனே இழிவாகப் பேசுகிறார். அவரே அவள்மீது ஆசையும் கொள்கிறார். இந்நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

மூன்றாவது, 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்'. பொறியியல் படித்த ரேவதி, பெற்றோர் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டுநரை மணக்கிறாள், துன்பப்படுகிறாள், இறுதியில் தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்கிறாள். குடும்பத்தின் கையில் பணம் இருந்தும் பயனில்லை. பழங்கதையில் சோதனையாக வந்த தீ, இங்கே உடலையே எரிக்கும் தீயாகிவிட்டது.

இவை தமிழ்நாட்டுக் கதைகள்தாமே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் தோட்டத்து லயங்களிலும் பக்கத்து வீட்டில் அடி விழும் ஓசை கேட்டால், "அது புருஷன் பெண்சாதி விவகாரம்" என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு. மலேசியாவில் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், அடிபடுபவர் பாதுகாப்பு ஆணை பெற வழி செய்தது. ஆனால் சாத்திய கதவைத் திறப்பது அண்டை வீட்டார் கையில்தான் இருக்கிறது.

இக்கதைகளை வகுப்பில் படிக்கும்போது, "அவள் ஏன் காரில் ஏறினாள்?" என்று மாணவர் கேட்பது இயல்பு. "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்ற கேள்வியையும் நாம் உடன் எழுப்புதல் வேண்டும். அதற்கு ஆண்பிள்ளைகளும் விடை தேடட்டும்.