பயிற்சிப் பட்டியலில் யார் பெயர்? பொதுத்துறைப் பயிற்சிப் பிரிவும் பட்டியல் சாதி ஊழியர்களும்

இடஒதுக்கீடு குறித்துப் பேசும்போது பணி நியமனத்தையும் பதவி உயர்வையும் பற்றியே நாம் வாதிடுகிறோம். நியமனம் பெற்ற ஒருவர் அடுத்த பதவிக்குத் தகுதியானவராக ஆக்கப்படுவது எங்கே, எவர் கையால் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் அந்த வேலையைச் செய்வது மனிதவளத் துறையின் கீழ் இயங்கும் பயிற்சி மற்றும் மேம்பாட்டுப் பிரிவு. ஆண்டுதோறும் பயிற்சித் தேவைகளைக் கணக்கெடுப்பது, பயிற்சி நாள்காட்டி வகுப்பது, துறைத் தலைவர்களிடம் பெயர்ப் பரிந்துரை கேட்பது, பயிற்றுநரை ஏற்பாடு செய்வது, முடிந்தபின் மதிப்பீடு எழுதுவது ஆகியவை அங்குள்ள அலுவலரின் அன்றாடப் பணிகள். இவற்றுள் பரிந்துரை என்ற ஒரு படியில்தான் சாதி நுழைகிறது.

இந்தக் கோரிக்கை புதியதன்று. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1942இல் பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி அளித்த கோரிக்கை மனுவில் அரசுப் பணியில் பங்கு கேட்டதோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் பட்டியல் சாதி இளைஞர்களைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். வேலை கொடுப்பதும் வேலையைக் கற்றுக்கொடுப்பதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகளாகவே அவருக்குத் தெரிந்தன.

சுதந்திர இந்தியாவில் இந்தச் சிக்கலை நேரடியாகத் தொட்ட வழக்கு, கேரள அரசு எதிர் என்.எம். தாமஸ். சட்ட மாணவர்கள் சமத்துவக் கோட்பாட்டுக்காக இதைப் படிக்கிறார்கள். வழக்கின் மூலமோ வெறும் துறைத் தேர்வுதான். கேரளப் பதிவுத் துறையில் கீழ்நிலை எழுத்தர் மேல்நிலை எழுத்தராவதற்குத் துறைத் தேர்வுகளில் தேற வேண்டும். ஏற்கெனவே பணியிலிருந்த பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்கு அதிலிருந்து தற்காலிக விலக்கு அளித்து 1972இல் அரசு விதி செய்தது. அவ்வாண்டு நிரப்பப்பட்ட 51 மேல்நிலை எழுத்தர் இடங்களில் 34 பட்டியல் சமூகத்தினருக்குச் சென்றன. பதவி உயர்வு கிட்டாத எழுத்தர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் விலக்கை ரத்து செய்தது. 1975இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஐவர் பெரும்பான்மையில், விலக்கு செல்லும் என்றது. அந்த விதி தேர்வை ஒழித்துவிடவில்லை. தேறுவதற்கு அவகாசம் தந்தது, அவ்வளவே. எழுத்தர் பணியைப் பல ஆண்டுகள் செய்தவருக்கு அந்தப் பணி தெரியும், தேர்வுக்குத் தயாராகும் வாய்ப்பே இல்லாதிருந்தது என்ற எளிய உண்மையை அரசு ஏற்றுக்கொண்டதாகவே நாங்கள் அதை வாசிக்கிறோம்.

பின்னர் 1996இல் எஸ். வினோத்குமார் வழக்கில், பதவி உயர்வுக்கான தகுதி மதிப்பெண்ணைத் தளர்த்துவது அரசமைப்பின் 335ஆம் பிரிவுக்குப் பொருந்தாது என்ற தீர்ப்பு வந்தது. அதை மாற்றவே 2000இல் 82ஆவது திருத்தம் 335ஆம் பிரிவில் ஒரு காப்பு வாசகத்தைச் சேர்த்தது. ‘நிர்வாகத் திறன்’ என்ற சொல்லை எதிர்த்தரப்பு எப்போதும் கையில் வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் பி.கே. பவித்ரா தீர்ப்பு, சமூகத்தின் பல பிரிவினரையும் உள்ளடக்கியதாகவே அத்திறனைப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. பயிற்சி தொடர்பான மனு எழுதுவோர் இத்தீர்ப்பை மறக்கலாகாது.

விதிகளுக்குக் குறைவில்லை. முதல் நிலைப் பணியிலுள்ள பட்டியல் சாதி, பழங்குடி அலுவலர்களுக்கு நிறுவனப் பயிற்சிகளிலும் கருத்தரங்குகளிலும் கூடுதல் வாய்ப்புத் தர வேண்டும், அவர்களுக்கு வழிகாட்டுவது உடனடி மேலதிகாரியின் தனிப் பொறுப்பு என்று ஒன்றிய அரசின் பணியாளர் துறை அறிவுறுத்தியிருக்கிறது. அரசு வங்கிகளில் பதவி உயர்வுத் தேர்வுக்கு முன்பாக இவ்வூழியர்களுக்குச் சிறப்புப் பயிற்சி நடத்தப்படுகிறது. 2012ஆம் ஆண்டின் தேசியப் பயிற்சிக் கொள்கை, ஒவ்வொரு துறையும் ஊதிய நிதியில் 2.5 விழுக்காட்டைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. 2020இல் அறிவிக்கப்பட்ட கர்மயோகி இயக்கம் பயிற்சியைப் பெருமளவு இணையத்துக்குக் கொண்டுசென்றுவிட்டது. இணைய வகுப்புக்கு மேலதிகாரியின் பரிந்துரை தேவையில்லை என்பது நன்மைதான். ஆனால் நேரடி வகுப்பில் உருவாகும் அறிமுகங்களும் ஆதரவுகளும் அதில் கிடைப்பதில்லை.

நடைமுறை வேறு. வங்கி ஊழியர் ஒருவர் எங்களை அணுகினார். பதவி உயர்வுக்கு முந்தைய பயிற்சிக்கான சுற்றறிக்கை அவரது கிளைக்கு வந்திருந்தது. அவருக்கு அது காட்டப்படவில்லை. தேர்வு முடிந்து, தேறாத பின்னரே சக ஊழியர் வழியாக அறிந்தார். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கோப்பைப் பார்வையிட்டபோது, அவர் பெயருக்கு எதிரே ‘விருப்பமில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. கையொப்பம் இல்லை. ‘கிளையில் ஆள் பற்றாக்குறை, விடுவிக்க முடியவில்லை’ என்று பின்னர் விளக்கம் வந்தது. இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று மறுப்பதைச் சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

மாநில அரசுப் பணியில் நிலைமை சற்று மாறுபட்டது. தமிழகத்தில் இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகர் அடிப்படைப் பயிற்சி உண்டு. துறைத் தேர்வுகளை டி.என்.பி.எஸ்.சி. மே, டிசம்பர் மாதங்களில் நடத்துகிறது. பயிற்சிக்கு அனுப்பப்படுவது தள்ளிப்போனால் அடுத்த படியும் தள்ளிப்போகும். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களோ எந்தப் பயிற்சி நாள்காட்டியிலும் இடம்பெறுவதில்லை. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று. இந்தப் பிரிவில் பணியாற்றுவதும் நமக்குரிய இலக்காகலாம். மனிதவள மேலாண்மை, சமூகப்பணி, தொழிலாளர் நலம் ஆகியவற்றில் முதுகலை படித்தோரை அரசு வங்கிகள் ஐ.பி.பி.எஸ். சிறப்பு அலுவலர் தேர்வு வழியே எடுக்கின்றன. சில பொதுத்துறை நிறுவனங்கள் யு.ஜி.சி. நெட் மதிப்பெண்ணைக் கொண்டு மனிதவள அலுவலர்களைத் தேர்ந்தெடுத்துள்ளன. பல அலுவலகங்களில் பயிற்சிப் பிரிவை ‘ஒதுக்கி வைக்கும் இடம்’ என்று இளக்காரமாகப் பேசுவார்கள். ஆயினும் பரிந்துரைப் பட்டியல் வரும்போது ‘இதில் பட்டியல் சாதியினர் ஏன் ஒருவரும் இல்லை?’ என்று திருப்பி அனுப்பும் பேனா அந்த மேசையில்தான் இருக்கிறது.

பணியிலிருப்போர் செய்யக்கூடியது: கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியூர், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் கேளுங்கள். பெயர்களைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். தொகுத்து வைக்கவில்லை என்று பதில் வந்தால் கோப்பைப் பார்வையிடும் உரிமையைக் கோருங்கள். ஆண்டுப் பணி மதிப்பீட்டின் ஒவ்வொரு பதிவும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் தேவ் தத் தீர்ப்பு. அதையும் கேட்டுப் பெறுங்கள். அடுத்து நிறுவனத்தின் தொடர்பு அலுவலரிடம் எழுத்துமூலம் முறையிட்டு, ஒப்புகை வாங்குங்கள்.

தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் உண்டு. பதவி உயர்வுக்குத் தடையாணை பிறப்பிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்பதை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஊழியர் நலச் சங்க வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது என்று காத்திராமல், தேர்வு முடிவு வெளியாகும் முன்பே 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் செல்லுங்கள். பட்டியல் வெளியானபின் வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, அந்தச் சுற்றறிக்கை உங்கள் கைக்கு வந்த தேதி எது என்பதைத்தான்.